முதுகின் அளவறிந்து பை வாங்குவோம்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் போடிமெட்டில் கேரள எல்லை தொடங்குகிறது. அங்கிருந்து பூப்பாறையை அடைந்து தெற்கே திரும்பினால் சாந்தன்பாறை. ஏலத் தோட்டங்களும் பனிமூட்டமும் சூழ்ந்த மலையூர் அது. விடியற்காலையில் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் வந்து இறங்குவார்கள். மாலையில் அதே ஜீப்புகளில் ஊர் திரும்புவார்கள். இடுக்கி மாவட்டத்தின் அந்தத் தோட்டப் பகுதியில் கிளை அலுவலராக மூன்றாண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வரவு செலவுக் கணக்கைத் தவிர வேறு எந்தச் சுமையையும் அதுவரை சுமந்தறியாத நான், மலையில் நடக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது அங்கேதான். முதுகுப்பையின் அருமையை உணர்ந்ததும் அங்கேதான். ஆனால் அந்தப் பாடத்தை நான் கற்ற விதம் பெருமைக்குரியதன்று.

ஒரு ஜனவரி மாதத்தில் நண்பர்கள் ஐவர், உரிய அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன், சூரியநெல்லிக்கு மேலே கொழுக்குமலைப் பக்கம் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கும் நடைப்பயணம் ஒன்றை மேற்கொண்டோம். என்னிடம் பை இல்லை. என்னைப் போன்றே ஐந்தடி ஏழங்குல உயரம் கொண்ட சக அலுவலர் ஒருவர் தம்முடைய 65 லிட்டர் பையைக் கொடுத்து உதவினார். விலை உயர்ந்த, தரமான பை. "ஒரே உயரம்தானே, பொருந்தும்" என்று இருவருமே எண்ணினோம். பையில் இடம் இருந்ததால் கண்ணில் பட்டவற்றையெல்லாம் அடைத்தேன். கிளைக்கு அருகிலிருந்த ஏலக்காய்க் கடைத் தராசில் விளையாட்டாக நிறுத்துப் பார்த்தபோது 17 கிலோ இருந்தது. அப்போது என் எடை 62 கிலோ.

முதல் நாள் மாலையே தோள்கள் எரியத் தொடங்கின. இரண்டாம் நாள் இறக்கத்தில் வலது கை மரத்து, விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஏற்பட்டது. பை என்னைப் பின்னோக்கி இழுக்க, நான் முன்னோக்கிக் குனிய, ஈரப்பாறையொன்றில் கால் வழுக்கி முழங்கால் திருகிக்கொண்டது. எலும்பு முறியவில்லை என்பது நல்வாய்ப்பு. எனினும் என் சுமையை மற்ற நால்வரும் வழிகாட்டியும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பகலிலேயே அடைய வேண்டிய முகாமை இருட்டிய பிறகே அடைந்தோம். யானைகள் நடமாடும் மலையில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஆறு பேரும் அன்று நடந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நானே காரணம்.

வழிகாட்டி, தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்த தமிழர். முகாமில் என் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, "சார், இது உங்கள் பை இல்லையே?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று வினவினேன். "நேற்றே கவனித்தேன். பெல்ட் இடுப்பில் உட்காரவில்லை, தொடையில் கிடக்கிறது. முழுச் சுமையும் தோளில் தொங்குகிறது" என்றார். ஊர் திரும்பியதும் தையல் நாடாவால் இருவர் முதுகையும் அளந்து பார்த்தோம். நண்பருக்கு 20 அங்குலம். எனக்கு 17 அங்குலம். ஒரே உயரமுடைய இருவருக்கும் இடையே மூன்று அங்குல வேறுபாடு! அவருக்குக் கால் குட்டை, முதுகு நீளம். எனக்கு முதுகு குட்டை, கால் நீளம். பையில் குறையேதும் இல்லை. அது எனக்குரிய பை அன்று, அவ்வளவே.

கடன் கேட்டு வருபவரின் விருப்பத்தை மட்டும் பார்த்து நாம் கடன் வழங்குவதில்லை. திருப்பிச் செலுத்தும் திறனை அளந்த பிறகே தொகையை முடிவு செய்கிறோம். முதுகுப்பை வாங்குவோரில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். நிறம், விலை, லிட்டர் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். சுமக்கப் போகும் முதுகை அளப்பதில்லை.

வேட்டைக்காரர்கள் வகுத்த வடிவம்

இன்றைய முதுகுப்பையின் வரலாற்றில் வேட்டைக்குப் பெரும் பங்குண்டு. 1991 ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதனின் உடலருகே வில், அம்புகளுடன் வளைத்த ஹேசல் மரக்கழியும் பலகைகளும் கிடந்தன. அவை முதுகுச் சட்டத்தின் பகுதிகளாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே பெர்கன், வேட்டைக்குச் சென்றபோது தோளை வருத்திய பையால் அலுத்து, தம் முதுகின் வளைவுக்கேற்ப மரக்கிளையை வளைத்துப் பையில் பொருத்தினார் என்பர். அந்த எண்ணத்தை மேம்படுத்தி 1909 இல் காப்புரிமை பெற்றார். 1952 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளை விற்கத் தொடங்கினார். தோளின் சுமையை இடுப்புக்கு மாற்றும் முறை அதன் பின்னர் பரவலாயிற்று.

வட அமெரிக்காவில் உரிமம் பெற்றுப் பல நாள் காட்டுக்குள் செல்லும் வேட்டைக்காரர்கள், போகும்போது கூடாரத்தையும் உணவையும் சுமந்தால், வரும்போது இறைச்சியையும் சுமக்க வேண்டும். ஆகவே அவர்களுடைய பைகளில் உறுதியான சட்டம், அகன்ற இடுப்புப் பட்டை, சட்டத்துக்கும் பைக்கும் இடையே கூடுதல் சுமையை வைக்கும் தட்டு, கிளைகளில் உரசினாலும் ஓசை எழுப்பாத துணி ஆகியவை இருக்கும்.

நம் நாட்டில் நிலை வேறு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இடுக்கி மலைகளிலும் ஒருகாலத்தில் வெள்ளையரான தோட்ட உரிமையாளர்கள் வேட்டையாடினர். அவர்களுடைய வேட்டைக் களமாக இருந்த இரவிகுளம் 1975 இல் வரையாடுகளுக்கான சரணாலயமாகவும், 1978 இல் தேசியப் பூங்காவாகவும் மாறியது. சாந்தன்பாறைக்கு அருகிலுள்ள மதிகெட்டான் சோலை 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று இம்மலைகளில் நாம் காண்பதற்காக மட்டுமே நடக்கிறோம். ஆயினும் சுமையை இடுப்பில் தாங்க வேண்டும், ஓசையின்றி நடக்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கற்ற பாடங்கள் நமக்கும் பொருந்தும்.

முதுகில் சுமக்கும் கலை இம்மலைக்குப் புதிதுமன்று. மதுரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது மீனாட்சியம்மன் திருவுருவையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியதால் தங்களுக்கு முதுவர் என்ற பெயர் ஏற்பட்டது என்னும் மரபுக் கதை இப்பகுதிப் பழங்குடியினரான முதுவர்களிடையே வழங்குகிறது. முதுவர் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டும்போது, சுமை உடலை விட்டு விலகாமல் ஒட்டியிருப்பதைக் காணலாம். நல்ல முதுகுப்பை செய்ய வேண்டியதும் அதுவே.

சுமை ஏன் இடுப்புக்குப் போக வேண்டும்?

தலைச்சுமை தூக்குவோர் சும்மாடு வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சும்மாடு எடையைக் குறைப்பதில்லை. அதைச் சரியான இடத்தில் பரப்பித் தாங்குகிறது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையும் அத்தகையதே. இடுப்பெலும்பு உறுதியானது, கால்களின் பெருந்தசைகளோடு நேரடியாக இணைந்தது. தோளோ பல திசைகளில் அசைவதற்காக அமைந்த மூட்டு. நெடுநேரம் எடை தாங்குவதற்கு ஏற்றதன்று. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை தோள்பகுதி வழியாகச் செல்வதால், பையின் வார் அதை அழுத்தினால் கை மரத்துப் போகும். கனத்த பைகளைச் சுமந்த படைவீரர்களிடம் காணப்பட்ட இந்தப் பாதிப்பை மருத்துவர்கள் 'ரக்சாக் வாதம்' என்று பையின் பெயராலேயே அழைக்கின்றனர். எனக்கு நேர்ந்ததும் அதன் தொடக்கமே எனப் பின்னர் மருத்துவர் விளக்கினார்.

சரியாகப் பொருந்திய பையில் எடையின் பெரும்பகுதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, இடுப்பில் அமரும். தோள் வார்கள் பையை முதுகோடு அணைத்துப் பிடிக்கும் பணியை மட்டும் செய்யும்.

முதுகை அளக்கும் முறை

இதற்குத் தேவை ஒரு தையல் நாடாவும் உதவிக்கு ஒருவரும்தான்.

முதலில் தலையை முன்னோக்கிக் குனியுங்கள். கழுத்தின் அடியில், தோள்களின் மட்டத்தில், புடைத்து நிற்கும் எலும்பு முள் ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதுவே மேல் எல்லை.

அடுத்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். பெருவிரல்கள் பின்புறமாகவும் மற்ற விரல்கள் முன்புறமாகவும் இருக்கட்டும். பக்கவாட்டில் அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தெரியும். இரு பெருவிரல்களையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைச் சந்திக்கும் இடமே கீழ் எல்லை.

நிமிர்ந்து நின்று, இந்த இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை, முதுகின் வளைவை ஒட்டி, உதவியாளரை அளக்கச் சொல்லுங்கள். இதுவே உங்கள் முதுகு நீளம். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 15 முதல் 21 அங்குலத்துக்குள் அமையும். ஒவ்வொரு நிறுவனமும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று தனக்கென அளவுப் பட்டியல் வைத்திருக்கும். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு மற்றொன்றின் சிறிய அளவாக இருக்கக்கூடும். எனவே எழுத்தை நம்பாமல் அங்குலத்தை ஒப்பிட வேண்டும். முதுகு நீளத்துக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய பைகளும் கிடைக்கின்றன. குடும்பத்தில் இருவர் மாறி மாறிப் பயன்படுத்த இவை ஏற்றவை.

இடுப்பின் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். கால்சட்டையின் இடுப்பளவு இதற்குப் பயன்படாது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி அளக்க வேண்டும். பெண்களுக்கென வடிவமைக்கப்பட்ட பைகளில் முதுகு நீளம் குறைவாகவும், தோள் வார்களின் இடைவெளி குறுகலாகவும், இடுப்புப் பட்டை வளைந்தும் இருக்கும். உடல்வாகு அவ்வாறே அமைந்த ஆண்களும் அவற்றை அணிந்து பார்ப்பதில் தவறில்லை.

எத்தனை லிட்டர்?

ஒரு பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். ஓரிரு இரவுகள் தங்குவதற்கு 40 முதல் 50 லிட்டர். மூன்று முதல் ஐந்து இரவுகளுக்கு 50 முதல் 70 லிட்டர். பெரிய பை வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவும் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. ஆனால் கடன் அட்டையின் உச்சவரம்பு உயர்ந்தால் செலவும் உயர்வதைப் போலவே, பையில் இடம் இருந்தால் பொருளும் சேரும். என் 17 கிலோவில் 5 கிலோ, காலியிடம் இருந்த காரணத்தால் மட்டுமே ஏறியது.

பள்ளி, கல்லூரி, அலுவலகப் பைகள் பல நாள் நடைக்கு உதவா. அவற்றில் முதுகைத் தாங்கும் சட்டமும் இல்லை. எடை தாங்கும் இடுப்புப் பட்டையும் இல்லை. மெல்லிய நாடாவாலான இடுப்பு வார், பை ஆடாமல் தடுக்குமே அன்றிச் சுமையைத் தாங்காது.

கடையில் சோதிப்பது எப்படி?

வெறும் பையை மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை. காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். 8 முதல் 10 கிலோ எடையை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில கடைகளில் இதற்கென மணல் பொதிகள் வைத்திருப்பார்கள். இல்லையெனில் கடைக்காரரிடம் கேட்டுக் கூடாரத்தையோ கயிற்றுச் சுருளையோ உள்ளே வைக்கலாம். பிறகு வார்களைக் கீழ்க்கண்ட வரிசையில் இறுக்க வேண்டும். வரிசை மாறினால் நல்ல பையும் தவறாகப் பொருந்தும்.

முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை அணியுங்கள். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பின்மீது அமருமாறு வைத்து இறுக்குங்கள். பட்டை வயிற்றில் ஏறினால் மூச்சு முட்டும். தொடைப்பக்கம் இறங்கினால் சுமை தோளுக்குப் போய்விடும். முன்புறம், மெத்தை வைத்த இரு முனைகளுக்கும் இடையே சில அங்குல இடைவெளி எஞ்சியிருக்க வேண்டும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் அந்தப் பட்டை உங்களுக்குப் பெரியது. நடக்க நடக்க மேலும் இறுக்க இயலாது.

இரண்டாவதாகத் தோள் வார்களை இழுங்கள். அவை தோளின்மேல் வளைந்து முதுகோடு ஒட்ட வேண்டும். தோளுக்கும் வாருக்கும் இடையே வெற்றிடம் தெரிந்தால் பை உங்கள் முதுகைவிட நீளமானது. வார்கள் தோளை அழுத்திக் கீழே இழுத்தாலோ, இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறினாலோ பை குட்டையானது.

மூன்றாவதாக, தோளின் உச்சியிலிருந்து பையின் மேற்பகுதிக்குச் செல்லும் சிறு வார்கள் இருக்கும். அவற்றை மெல்ல இழுத்தால் பையின் தலைப்பகுதி உடலை நெருங்கும். அவை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்பது நன்று. மிகையாக இழுத்தால் தோளின் முன்புறம் வலிக்கும்.

இறுதியாக, நெஞ்சு வாரைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே பூட்டுங்கள். மூச்சை ஆழமாக இழுக்கும்போது தடை இருக்கக் கூடாது.

இப்போது ஒரு சோதனை. தோள் வாரின் அடியில் விரலை நுழையுங்கள். எளிதாக நுழைந்தால் சுமை இடுப்பில் இருக்கிறது. விரல் நசுங்கினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். பொருந்திய பின்னர் கால்மணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து, படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உறுத்தும் இடம், ஐந்து மணி நேரத்தில் புண்ணாகும். இணையவழியில் வாங்குவோர், திருப்பியனுப்பும் வசதி உண்டா எனப் பார்த்து, வீட்டில் அரிசி மூட்டையை வைத்து இதே சோதனையைச் செய்த பிறகே விலைச்சீட்டைக் கழற்ற வேண்டும்.

அடுக்கும் முறை

வழிகாட்டி அன்றிரவு என் பையை அடுக்கிய முறையையே இன்றும் பின்பற்றுகிறேன். இரவில் மட்டும் தேவைப்படும், எடை குறைந்த உறக்கப் பை அடியில். அரிசி, பருப்பு, தண்ணீர், கூடாரம் போன்ற கனமான பொருட்கள் நடுவில், முதுகை ஒட்டி. மாற்று உடைகள் அவற்றைச் சுற்றி இடைவெளிகளில். மழைச்சட்டை, கைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் மேலே. குடிநீரும் தின்பண்டமும் கைக்கெட்டும் பக்கப் பைகளில். நான் கனமான பொருட்களைப் பையின் வெளிப்புறத்தில் அடைத்திருந்தேன். அது நெம்புகோல்போல் என்னைப் பின்னோக்கி இழுத்தது. அதே எடை முதுகை ஒட்டி வந்ததும் பை இலேசானது போல் உணர்ந்தேன். இரு பக்கங்களிலும் எடை சமமாக இருப்பதும் முதன்மையானது. சமமின்மை, இறக்கங்களில் முழங்காலைச் சோதிக்கும்.

மழை உறையை மட்டும் நம்பக் கூடாது. இம்மலைகளில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; முதுகுப்புறம் வழியாக நீர் உள்ளே இறங்கும். பைக்குள் ஒரு கனத்த பாலித்தீன் பையை விரித்து, அதனுள் உறக்கப் பையையும் உடைகளையும் வைத்து வாயைக் கட்டிவிட்டால் குளிரிரவில் உலர்ந்த உடை உறுதி. திரும்பும்போது அந்தப் பாலித்தீனையும் ஊருக்கே எடுத்து வந்துவிட வேண்டும்.

எடைக் கணக்கு

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். பல நாள் நடைக்கு, பை உள்ளிட்ட மொத்தச் சுமை உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்ல அளவு. புதியவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இதைவிடக் குறைவே நன்று. முதுகுத்தண்டு, மூட்டுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றுச் செல்ல வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எல்லை 12 கிலோ. இரண்டு இரவுப் பயணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு இதோ: பை 2 கிலோ, கூடாரத்தில் தம் பங்கு ஒன்றரை கிலோ, உறக்கப் பை ஒன்றரை கிலோ, விரிப்பு அரை கிலோ, உடைகளும் மழைச்சட்டையும் 2 கிலோ, உணவு ஒன்றரை கிலோ, தண்ணீர் 2 லிட்டர், அதாவது 2 கிலோ, விளக்கு, மருந்து, கத்தி, கயிறு ஆகியவை அரை கிலோ. ஆகக் கூடுதல் பதினொன்றரை கிலோ. பட்ஜெட் தயாரிப்பது போல் இதை முன்கூட்டியே தாளில் எழுதித் தராசில் சரிபார்ப்பது நன்று. எடையைக் குறைக்க வேண்டுமானால் உடைகளிலும் கருவிகளிலும் குறையுங்கள். தண்ணீரிலும் மருந்திலும் கை வைக்காதீர்கள்.

காட்டில் நினைவிற்கொள்ள வேண்டியவை

சாந்தன்பாறை, சின்னக்கானல் பகுதிகள் காட்டுயானைகள் நடமாடும் இடங்கள். எவர்சில்வர் குவளை, பாத்திரங்களைப் பையின் வெளியே தொங்கவிட்டு, அவை கலகலத்து ஓசை எழுப்பிக்கொண்டே வர நடக்கக் கூடாது. அந்த ஓசையில் யானை கிளையொடிக்கும் ஒலி நம் காதில் விழாமல் போகும். பையின் பூட்டுகள் ஒரு கையால் விரைந்து கழற்றத் தக்கனவாக இருக்க வேண்டும். ஆபத்து நெருங்கினால் பையை உதறிவிட்டு விலகுவதே அறிவு. பையைக் காப்பாற்ற முயலக் கூடாது. ஓடையைக் கடக்கும்போதும் இடுப்பு, நெஞ்சுப் பூட்டுகளைக் கழற்றிவிடுவது வழக்கம். தவறி விழுந்தால் பை நம்மை நீருக்குள் இழுக்காது.

அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வது சட்டப்படி தவறு; உயிருக்கும் ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து இறங்கும் குரங்கணி மலைச்சரிவில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்க இயலாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழித்தடங்களில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் கூடிய மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. கேரளப் பகுதியில் மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் வழியாகச் செல்லலாம். கோடையில் காட்டுத்தீ அபாயம் கருதி வனத்துறை வழித்தடங்களை மூடுவதுண்டு. அக்காலத்தில் மாற்றுவழி தேடாமல் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் செல்பவர் விலையுயர்ந்த பை வாங்க வேண்டியதில்லை. மலையேற்றக் கருவிகளை வாடகைக்குத் தருவோர் பல நகரங்களில் உள்ளனர். இரண்டு மூன்று பயணங்களில் வெவ்வேறு பைகளை வாடகைக்கு எடுத்துச் சுமந்து பார்த்தால், எது நம் உடலுக்கு ஏற்றது என்பது ஐயமின்றித் தெரியும். அதன் பிறகு வாங்கினால் அப்பணம் வீணாகாது. நண்பரிடம் இரவல் வாங்குவதிலும் தவறில்லை. அதற்கு முன் இருவர் முதுகையும் அளந்துவிடுங்கள். வாங்கும்போது, தள்ளுபடி கிடைக்கிறது என்பதற்காக ஓர் அளவு கூடிய பையை எடுக்காதீர்கள். பொருந்தாத பை எந்த விலைக்குக் கிடைத்தாலும் அது நட்டமே.

முழங்கால் குணமாக ஆறு வாரங்கள் ஆயின. அடுத்த ஆண்டு, என் 17 அங்குல முதுகுக்கேற்ற 48 லிட்டர் பையில் 11 கிலோ சுமையுடன், அதே வழிகாட்டியோடு மீண்டும் அம்மலைக்குச் சென்றேன். புறப்படும் இடத்தில் அவர் என் பின்புறம் வந்து நின்று, இடுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பை உங்களுடையதுதான் சார்" என்றார். அந்தப் பயணத்தில் முகாமை மாலை நான்கு மணிக்கே அடைந்தோம். மேற்கே சாய்ந்த வெயிலில் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு தேநீர் அருந்த நேரமிருந்தது.

குழுவாக நடக்கும்போது ஒருவரின் சுமை அவருடையது மட்டுமன்று. அவர் தளர்ந்தால் அது மற்றவர்களின் தோளுக்கு மாறுகிறது, வழி நீள்கிறது, இருள் சூழ்கிறது. தன் உடலுக்கேற்ற பையில், தன்னால் இயன்ற அளவு மட்டும் ஏற்றிச் செல்வது, தனக்குச் செய்துகொள்ளும் நன்மை. உடன் வருவோர்க்குச் செய்யும் கடமை. அடுத்த விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடும் வாசகர்கள், கடைக்குச் செல்லும் முன் வீட்டிலுள்ள தையல் நாடாவை ஒருமுறை எடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.